ஸ்டாண்டிங் சீம் கூரை போடப் போகிறீர்களா? முதலில் கிளிப்பைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை கூரை ஒழுகலைப் பற்றித்தான். தொழிற்சாலை ஷெட்டுகளுக்கு வடிவமைப்புப் பார்த்துக் கொடுப்பதும், வேலை நடக்கும்போது மேலே ஏறிச் சரிபார்ப்பதும் என் தொழில். கோவை, திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான் அதிகம். "போன வருஷம்தான் சார் ஸ்க்ரூ எல்லாத்துக்கும் சீலன்ட் அடிச்சோம், மறுபடியும் அதே எடத்துல சொட்டுது" என்பார்கள். அப்படி அலுத்துப்போனவர்கள் அடுத்த ஷெட்டுக்கு ஸ்டாண்டிங் சீம் (மேலிருந்து ஸ்க்ரூ அடிக்காமல், அடியில் கிளிப் பிடித்திருக்கும் தகட்டுக் கூரை) போட்டுவிடலாம் என்று வருகிறார்கள். சரியான முடிவுதான். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் டெண்டரைப் பிரித்தால் கூரைக்கு ஒரே வரிதான் இருக்கும்: "0.5 மி.மீ. ஸ்டாண்டிங் சீம் கூரைத் தகடு, பொருத்துவது உட்பட, சதுர மீட்டருக்கு." தகட்டின் தடிமனைத் தவிர அந்த வரி எதையுமே கேட்கவில்லை. இந்தக் கூரை நிற்பதும் பறப்பதும், ஒழுகுவதும் ஒழுகாததும் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் கிளிப்பின் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது எப்படி என்று எழுத வேண்டுமென ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில் சாதாரண ஷீட் ஏன் ஒழுகுகிறது என்று பார்த்துவிடலாம். அதைப் பர்லினோடு (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சேர்த்து மேலிருந்து ஸ்க்ரூ அடித்து இறுக்குகிறோம். ஒவ்வொரு ஸ்க்ரூவும் கூரையில் நாமே போடுகிற ஓட்டை. அதை அடைத்து நிற்பது சின்னதாய் ஒரு ரப்பர் வாஷர். பெரிய ஷெட்டில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். வெயில் ஏற ஏறத் தகடு நீள்கிறது, ராத்திரி சுருங்குகிறது. ஸ்க்ரூவோ அசையாது. நாளாவட்டத்தில் வட்ட ஓட்டை இழுபட்டு நீள ஓட்டையாகிறது. வாஷரும் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. அதற்கு மேல் எத்தனை சீலன்ட் பூசினாலும் அடுத்த கோடை வரைக்கும்தான் தாங்கும், ஏனென்றால் அடியில் அசைவு நிற்கவில்லை.

ஸ்க்ரூ வெளியே தெரியாத கூரையில், மழை படும் பரப்பில் ஓட்டையே கிடையாது. முதலில் கிளிப்பைப் பர்லின் மேல் ஸ்க்ரூ அடித்துப் பொருத்துவார்கள். தகடு அந்தக் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதில் இரண்டு வகை. ஒன்று, காலால் மிதித்தால் 'டக்' என்று கிளிப்பில் மாட்டிக்கொள்ளும் வகை. லைசாட் கம்பெனியின் கிளிப்-லாக் இந்த வகைக்குப் பிரபலமான உதாரணம். இன்னொன்று, பக்கத்துப் பக்கத்துத் தகடுகளின் நிமிர்ந்த விளிம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சீமிங் மெஷினை ஓடவிட்டு முழுச் சுற்றாக மடித்துவிடும் வகை. நம் ஊரில் ஸ்டாண்டிங் சீம் என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். மிதித்து மாட்டும் வகை சீக்கிரம் முடியும், மெஷின் வேண்டாம். நீளம் குறைவான, காற்று மிதமான இடத்துக்கு அது போதும். நீளமான ஷெட், கடலோரப் பகுதி, சரிவு குறைவான கூரை என்றால் நான் மெஷினில் மடிக்கும் வகையைத்தான் எழுதிக் கொடுப்பேன். மடிப்புக்குள் ஃபாக்டரியிலேயே வைத்த சீலன்ட் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பலத்த மழையில் தண்ணீர் ஒரு கணம் மடிப்பு உயரத்துக்கு ஏறினாலும் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான்.

இனி அசைவுக்கு வருகிறேன். எஃகு, மீட்டர் ஒன்றுக்கு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 0.012 மி.மீ. நீளும். கேட்க அற்பமாக இருக்கும். சித்திரை வெயிலில் கூரைத் தகடு 70 டிகிரியைத் தொடும், மழை ராத்திரியில் இருபதுகளுக்கு இறங்கும். வித்தியாசம் 50 டிகிரி என்று வைத்தால், 30 மீட்டர் தகடு 18 மி.மீ. அசைகிறது. 60 மீட்டர் தகடு 36 மி.மீ. அதாவது ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, வருஷம் பூராவும், போய்ப் போய் வந்துகொண்டே இருக்கும். இந்த அசைவுக்கு வழி விடுவதற்காகத்தான் கிளிப்பை இரண்டு பாகமாகச் செய்கிறார்கள். அடிப்பாகம் பர்லினில் நிற்கும். மேலே இருக்கும் நாக்கு தகட்டு மடிப்புக்குள் மாட்டிக்கொண்டு, அடிப்பாகத்தின் மேல் முன்னும் பின்னும் வழுக்கும். இதை ஸ்லைடிங் கிளிப் என்பார்கள். நாக்கும் அடிப்பாகமும் ஒன்றாக இருக்கும் ஃபிக்ஸட் கிளிப்பும் உண்டு. விலை குறைவு. நீளமான கூரையில் அதைப் போட்டால் தகடு இழுக்கிற இழுப்பை கிளிப்போ பர்லினோ வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மடிப்பு கிழியும், இல்லாவிட்டால் பர்லின் முறுக்கிக்கொள்ளும்.

டெண்டரில் எழுத வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லைடிங் கிளிப் என்று மட்டும் எழுதினால் போதாது. தகட்டின் முழு நீளம் எவ்வளவு, எந்த முனை நிலையாக இருக்கும், எந்த முனை அசையும், அசையும் முனையில் எத்தனை மி.மீ., அத்தனைக்கும் கிளிப்பில் இடம் இருக்கிறதா என்று காட்டும் ஒரு கணக்கைச் சப்ளையரிடம் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணமாக இறவாணப் பக்கத்தை ஸ்க்ரூ அடித்து நிலைப்படுத்திவிட்டு, முகட்டுப் பக்கத்தை அசைய விடுவார்கள். அப்படியானால் முகட்டில் போடும் மூடியும் மடிந்து விரியக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு ஷெட்டில் கிளிப் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் முகட்டு மூடி போட வந்த ஆட்கள் 'காற்றில் ஆடக் கூடாது' என்று அதைத் தகட்டோடும் முகட்டுப் பர்லினோடும் சேர்த்து ஸ்க்ரூ அடித்துவிட்டார்கள். இரண்டு முனையும் கட்டுண்ட தகடு எங்கே போகும்? முதல் கோடையிலேயே முகட்டோரம் ஸ்க்ரூ இருந்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. கிளிப்புக்குச் செலவழித்த பணம் முழுவதும் வீணானது அந்தக் கடைசி வரிசை ஸ்க்ரூவால்.

கிளிப்பைப் பொருத்தும்போது பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. நாக்கு நடுவில் நிற்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது சில நாக்குகள் ஒரு ஓரமாக வழுக்கிப் போயிருக்கும். அப்படியே பொருத்தி மடித்துவிட்டால், ஒரு பக்கம் முழு இடமும் இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லாமலும் போகும். மடித்த பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தகடு ஏற்றுமுன் ஒவ்வொரு பர்லின் வரிசையையும் நடந்து பார்த்து, நாக்கு நடுவில் உள்ளதை மார்க்கரால் குறித்து போட்டோ எடுக்கச் சொல்லி சைட் இன்ஜினியரிடம் சொல்லுவேன். அசைவு சரியாக இல்லாத கூரை தானே சொல்லிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காலையில் வெயில் ஏறும் நேரத்தில் உள்ளே நின்றால் 'டங்... டங்' என்று சத்தம் கேட்கும். மாட்டிக்கொண்ட தகடு இழுத்துப் பிடித்து விடுபடும் சத்தம் அது. புதுக் கூரையில் லேசாக இருந்தால் பரவாயில்லை. சுத்தியலால் அடிப்பது போல் கேட்டால் கிளிப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காற்று விஷயத்தில்தான் நம் ஊரில் அலட்சியம் அதிகம். கோவையில் நன்றாக இருந்த கூரையின் வரைபடத்தை அப்படியே ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 பாகம் 3, 2015-இல் திருத்தி வந்தது. அதன்படி அடிப்படைக் காற்று வேகம் கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர். வேகம் கால்பங்குதானே கூட என்று தோன்றும். ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதோடு கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ.க்குள் இருக்கும் தொழிற்சாலைக் கட்டடங்களுக்குப் புயல் முக்கியத்துவக் காரணி என்று 1.15-ஐ வேகத்தோடு பெருக்கச் சொல்கிறது விதி. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் உள்நாட்டு ஊர்கள் என்று நினைக்கிறோம், இரண்டுமே அந்த 60 கி.மீ.க்குள் வருகின்றன. 10 மீட்டர் உயரத்தில் திறந்தவெளிக்குக் கணக்குப் போட்டால் கோவையில் சதுர மீட்டருக்கு 0.91 கிலோ நியூட்டன் (ஒரு கிலோ நியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ எடை), சென்னைப் பக்கம் 1.98. இரண்டு மடங்குக்கும் மேல். அதே தகடு, அதே கிளிப், அதே பர்லின் இடைவெளி இரண்டு ஊருக்கும் எப்படிச் சரியாக வரும்?

இது அடிப்படை அழுத்தம்தான். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் ஆபத்து. கூரையின் நடுவில் ஒரு அளவு, ஓரங்களிலும் மூலைகளிலும் அதைவிட மிக அதிகம். மூலையில் உறிஞ்சல் சதுர மீட்டருக்கு 3.5 கிலோ நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். தகட்டு அகலம் 475 மி.மீ., பர்லின் இடைவெளி 1.5 மீட்டர் என்றால் ஒரு கிளிப் தாங்க வேண்டிய பரப்பு 0.71 சதுர மீட்டர். அப்படியென்றால் ஒரு கிளிப்பின் மேல் 2.5 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 250 கிலோ இழுப்பு. ஸ்க்ரூ அடித்த ஷீட்டில் இந்தச் சுமையைப் பல ஸ்க்ரூக்கள் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே பர்லினுக்கு ஒரு இடத்தில் ஒரு கிளிப்தான். அது நழுவினால் பக்கத்துக் கிளிப்புக்கு இரண்டு பங்கு, அதுவும் நழுவினால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்த பிறகு அந்தப் பக்கத்து ஷெட்டுகள் சிலவற்றைப் போய்ப் பார்த்தேன். கூரை போன இடங்களில் பெரும்பாலும் கதை ஒரே மாதிரிதான்: முதலில் ஓரத்து ஃப்ளாஷிங் தகடு (கூரை விளிம்பை மூடும் தகடு) கிளம்பியிருந்தது, அதைத் தொடர்ந்து மூலையில் முதல் தகடு, அதன் பின் வரிசையாக. நடுக்கூரை அப்படியே இருந்தது. ஒரு கட்டடத்தில் ரோலிங் ஷட்டர் பெயர்ந்து காற்று உள்ளே புகுந்து, கீழிருந்தும் தள்ளியிருக்கிறது. அதனால் நான் இப்போதெல்லாம் கூரையை மூன்று பகுதியாகப் பிரித்து வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டச் சொல்கிறேன்: நடு, ஓரம், மூலை. மூன்றுக்கும் தனித்தனி அழுத்தம், தனித்தனி கிளிப் கணக்கு. ஓரத்திலும் மூலையிலும் பர்லின் இடைவெளியைப் பாதியாகக் குறைப்பது எளிய வழி. மடிப்பின் மேல் கூடுதலாக கிளாம்ப் போட்டு வலுப்படுத்துவதும் உண்டு. ஓரத்து ஃப்ளாஷிங்கின் தடிமனையும், அதன் ஸ்க்ரூ இடைவெளியையும் தனி வரியாக எழுதுங்கள். கூரைக்கு 0.5 போட்டுவிட்டு ஃப்ளாஷிங்குக்கு மீந்த மெல்லிய தகட்டை வெட்டி மாட்டுகிற பழக்கம் நிறைய இருக்கிறது. புயல் முதலில் தேடிப் பிடிப்பதே அதைத்தான்.

"எங்க சிஸ்டம் டெஸ்ட் பண்ணது சார்" என்று சப்ளையர் ஒரு சான்றிதழை நீட்டுவார். வாங்கிப் பாருங்கள், ஆனால் முதல் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டிங் சீம் தகட்டின் தூக்கு விசைக்கு ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் இ 1592 சோதனை பொருத்தமானது. அறிக்கையில் சோதித்த தகட்டின் அடிப்படைத் தடிமன் (பூச்சு சேர்க்காத எஃகின் தடிமன்), அகலம், கிளிப் மாடல், பர்லின் இடைவெளி நான்கும் உங்கள் வேலைக்கு வரப் போவதுதானா என்று ஒப்பிடுங்கள். 0.6 மி.மீ. தகட்டை 1 மீட்டர் இடைவெளியில் சோதித்த அறிக்கையை வைத்துக்கொண்டு 0.5 தகட்டை 1.5 மீட்டரில் விற்பது நியாயமில்லை. சோதனையில் பிய்ந்த அழுத்தத்துக்கும் உங்கள் வடிவமைப்பு அழுத்தத்துக்கும் நடுவே பாதுகாப்புக் காரணி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பர்லின் போடுகிறவரும் கூரை போடுகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் ஒரு விஷயம் இருவருக்கும் நடுவில் தொலைந்துபோகும். ஸ்க்ரூ அடித்த ஷீட், பர்லினின் மேல் விளிம்பு பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பை நம்பித்தான் பர்லினை மெலிதாக வடிவமைத்திருப்பார்கள். ஸ்லைடிங் கிளிப்பில் தகடு வழுக்க வேண்டும் என்பதுதானே நோக்கம்? வழுக்கும் தகடு அந்த அளவுக்குப் பிடித்துக்கொள்ளாது. எனவே, பாதி வழியில் உரிமையாளர் "ஸ்க்ரூ வேண்டாம், ஸ்டாண்டிங் சீமா மாத்திருங்க" என்றால், தகட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகக் கூடாது. பர்லின் கணக்கைத் திரும்பப் போட்டு, சேக் ராடு, பிரேசிங் (பர்லின் சாயாமல் பிடிக்கும் கம்பிகள்) எல்லாம் போதுமா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பணம் கொஞ்சம் கூடும். அந்தக் கணக்கைக் கேட்காமல் மாற்றச் சம்மதிக்கும் வடிவமைப்பாளரை நான் நம்ப மாட்டேன்.

தகட்டுக்கு வருவோம். '0.5 மி.மீ.' என்பது எதன் தடிமன்? எஃகு மட்டுமா, பூச்சும் சேர்த்தா, பெயின்ட்டும் சேர்த்தா? நல்ல தகட்டில் அலுமினியம்-துத்தநாகக் கலவைப் பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராம், இரண்டு பக்கமும் சேர்த்து. அதன் தடிமன் 0.04 மி.மீ. பெயின்ட் இரு பக்கமும் சேர்ந்து 0.03 சொச்சம். எல்லாம் சேர்த்து 0.5 என்றால் எஃகு 0.43 அளவில்தான் வரும். எஃகும் பூச்சும் சேர்த்து 0.5 என்றால் 0.46 வரை வரும். வலிமை எல்லாம் எஃகில்தான் இருக்கிறது. ஆகவே டெண்டரில் எஃகின் அடிப்படைத் தடிமனை எழுதுங்கள். வெறும் பூச்சுள்ள தகட்டுக்கு ஐ.எஸ். 15961, பெயின்ட் அடித்து வருவதற்கு ஐ.எஸ். 15965 என்று விதி எண்ணையும் சேருங்கள். சைட்டில் சரிபார்க்கத் தராசு போதும். காயிலிலிருந்து (தகட்டுச் சுருள்) முழு அகலத்துக்கு ஒரு மீட்டர் நீளம் வெட்டி எடை போட்டு, பரப்பால் வகுத்துப் பாருங்கள். எஃகு 0.45 என்றால் பூச்சு, பெயின்ட்டோடு சதுர மீட்டருக்கு 3.7 கிலோ பக்கத்தில் வர வேண்டும். 3.4 வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு மில் சான்றிதழை (எஃகு ஆலை தரும் தரச் சான்று) கேளுங்கள்.

எஃகின் கடினமும் முக்கியம். ஸ்க்ரூ அடிக்கும் ஷீட்டுக்கு 550 எம்.பி.ஏ. (மெகா பாஸ்கல், எஃகின் வலிமையைச் சொல்லும் அளவு) கடின எஃகு பழக்கம். மெஷினில் முழுச் சுற்றாக மடிக்கும் தகட்டுக்கு அவ்வளவு கடினம் ஒத்துவராது, மடிப்பில் பூச்சும் தகடும் வெடிக்க வாய்ப்புண்டு. 345 போன்ற இளக்கமான வகையைத்தான் கேட்க வேண்டும். 'அதிக எண் என்றால் அதிகத் தரம்' என்று எண்ணி 550-ஐ எழுதிவிடுகிறார்கள்.

சூழலைப் பற்றி இரண்டு வார்த்தை. அலுமினியம்-துத்தநாகப் பூச்சு மழைக்கும் வெயிலுக்கும் அருமையானது. கோழிப் பண்ணையின் அம்மோனியாவுக்கு ஆகாது. நாமக்கல் பக்கம் பண்ணைக்கு இதைப் போடக் கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். திருப்பூர்ச் சாய ஆலை ஆவி, கடலுக்கு அருகில் உப்புக் காற்று, இரண்டுக்கும் தகட்டின் உத்தரவாதப் பத்திரத்தில் விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். உத்தரவாதம் தருகிறேன் என்று சொன்னவரிடம் உங்கள் சைட்டின் கடல் தூரத்தையும், உள்ளே நடக்கும் தொழிலையும் எழுதிக் கொடுத்து, அதன் பேரில் பத்திரம் வாங்க வேண்டும். ஏ.சி.யின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர்கூட இந்தப் பூச்சைத் தின்றுவிடும். அதற்குத் தனியாகக் குழாய் போட்டுக் கீழே இறக்கிவிடுங்கள்.

சரிவு: ஸ்டாண்டிங் சீம் மிகக் குறைந்த சரிவிலும் போகலாம் என்று கேட்லாக்கில் இருக்கும். நான் 20-க்கு 1-க்கு (20 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) கீழே இறங்குவதில்லை. பர்லின் சற்றே தொய்ந்தாலும் தண்ணீர் தேங்கிவிடும்.

மேலே ஓட்டை இல்லாத கூரையை வாங்கிவிட்டு, பிறகு நாமே ஓட்டை போடும் இடங்கள் மூன்று: வெளிச்சத் தகடு, வென்டிலேட்டர், சோலார். வெளிச்சத் தகட்டுக்குப் போடும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், எஃகைவிட ஐந்து மடங்குக்கும் மேல் நீள்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்க்ரூ அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டிங் சீம் கூரைகளில் நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான். முடிந்தவரை வெளிச்சத்தைச் சுவரின் மேற்பகுதியிலிருந்து எடுங்கள். கூரையில்தான் வேண்டும் என்றால், அதே மடிப்பு வடிவம் கொண்ட உலோக ஓரங்களோடு வருவதைக் கேளுங்கள். வென்டிலேட்டர் அடித்தளத்தைத் தகட்டோடு சேர்த்து அசையும்படி வையுங்கள். கீழே பர்லினோடு கட்டினால் அந்த இடத்தில் கூரை கிழியும்.

சோலாருக்கு மடிப்பைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப்கள் கிடைக்கின்றன, ஓட்டையே வேண்டாம். இந்தக் கூரையின் பெரிய வரம் அது. ஆனால் கிளாம்பைக் கிளிப் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே போடக் கூடாது, நாக்கு வழுக்க முடியாமல் இறுகிவிடும். கிளிப் வரிசைகளின் வரைபடத்தை சோலார் ஆட்களிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். காற்று சோலார் பலகையைத் தூக்கும் விசையும் கடைசியில் அதே கிளிப்பில்தான் வந்து சேருகிறது. பின்னால் சோலார் வரும் என்ற எண்ணம் இருந்தால் கூரை டெண்டரிலேயே அந்தச் சுமையை எழுதிவிடுங்கள்.

வேலை நடக்கும் நாட்கள். நீளத் தகட்டை லாரியில் கொண்டுவர முடியாது, காயிலையும் ரோல் ஃபார்மிங் மெஷினையும் சைட்டுக்கே கொண்டுவந்து உருட்டித் தகட்டுக்கு வடிவம் கொடுப்பார்கள். 60 மீட்டர் தகடு வெளியே வர அதற்கு நேராக அத்தனை நீளம் காலியிடம் வேண்டும். இதை காம்பவுண்ட் சுவர் கட்டுவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். தகட்டை வெட்ட ஆங்கிள் கிரைண்டர் கூடவே கூடாது. பொறி பட்ட இடத்திலெல்லாம் இரும்புத் துகள் ஒட்டி, ஒரே மழையில் சிவப்புப் புள்ளியாகத் துருப்பிடிக்கும். கத்திரி அல்லது நிப்ளர் (தகட்டைக் கொறித்து வெட்டும் கருவி) மட்டும்தான்.

பல்லடம் பக்கம் ஒரு சைட். ஆனி முடியும் நேரம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கே எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் ஏறிப் பார்த்தால் ஒரு பகுதி முழுக்கத் தகடு போட்டாயிற்று, மடிப்பு ஓட்டவில்லை. கையால் அங்கங்கே அழுத்தி வைத்திருந்தார்கள்.

"மெஷின் இன்னும் வரலையாண்ணே?" என்று ஃபோர்மேனைக் கேட்டேன்.

"மெஷின் இருக்குதுங்க. எல்லாத்தையும் போட்டு முடிச்சு நாளைக்குக் காலையில ஒரே ஓட்டா ஓட்டிரலாம்னுங்க."

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. இது ஆளுயரத் தகடுகூட இல்ல, அம்பது மீட்டர் நீளம். ராத்திரிக்குத் தாங்குமாண்ணே?"

அவர் ஒரு நிமிஷம் மடிப்பைக் குனிந்து பார்த்தார். விரலை விட்டுத் தூக்கினால் விளிம்பு எழுந்து வந்தது. பிறகு எதுவும் பேசாமல் ஆளை அனுப்பி மெஷினை மேலே ஏற்றினார். இருட்டும் வரை ஓட்டினார்கள். அடுத்த நாளிலிருந்து போட்ட தகட்டை அன்றே மடிக்காமல் இறங்குவதில்லை என்று அவரே தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். இன்று இந்த நிபந்தனையை நான் ஒப்பந்தத்திலேயே எழுதுகிறேன்: அன்று போட்டது அன்றே மடிக்கப்பட வேண்டும். மடிக்காத ஸ்டாண்டிங் சீம் தகட்டுக்கு, சின்னக் காற்றுக்குக்கூட, எந்தப் பலமும் கிடையாது. மடிப்பு முழுச் சுற்று விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரிசையிலும் சில இடங்களில் தொட்டுப் பாருங்கள். மெஷின் தொடங்கும் முனையிலும் நிற்கும் முனையிலும்தான் குறை வரும்.

வேலை முடிந்து ஒப்படைக்கும்போது கிளிப் வரைபடம், சோதனை அறிக்கை, காயில் எண்களோடு மில் சான்றிதழ், கிளிப் போட்டோக்கள் இவற்றைக் கோப்பில் வாங்குங்கள். பிறகு மேலே யார் ஏறலாம் என்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கேபிள் போட வந்தவர், ஏ.சி. சர்வீஸ் பண்ண வந்தவர் என்று ஆளாளுக்கு ஏறி மடிப்பின் மேல் மிதித்து நசுக்குவதும், கையில் கிடைத்த ஸ்க்ரூவை அடித்து எதையாவது கட்டுவதும் நடந்துகொண்டே இருக்கும்.

எல்லா ஷெட்டுக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். தகட்டு நீளம் 15 மீட்டருக்குள், சரிவு 10-க்கு 1 அல்லது அதற்கு மேல், கூரையில் சோலாரும் வேறு தொந்தரவும் இல்லை என்றால், நல்ல ஸ்க்ரூவும் நல்ல வாஷரும் போட்டு, அளவாக முடுக்கிய சாதாரண ஷீட்டே போதும். ஓட்டை நீள்வதற்கு அங்கே அசைவு குறைவு. அப்படிப்பட்டவர்கள் என்னிடம் வந்தால், மிச்சப்படும் பணத்தில் கூரையோர மழைநீர் வாய்க்காலை ஒரு அளவு பெரிதாக்கி, தண்ணீர் இறங்கும் குழாய்களை இன்னும் இரண்டு கூட்டிப் போடச் சொல்கிறேன்.